குறைக்க வேண்டியது தாய்மொழியை அன்று: ஆட்டிசம் உள்ள குழந்தையும் கட்கியின் பள்ளிகளும்

‘வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுங்கள். பள்ளியில் என்ன மொழியோ அதையே வீட்டிலும் பேசுங்கள். இல்லாவிட்டால் குழந்தை குழம்பிப்போகும்.’

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பது தெரியவந்தால், பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கேட்பவர்களும் குழந்தையின் நலனுக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணிந்த நிலையில் இருப்பதால் மறுபேச்சின்றி ஏற்கிறார்கள். அன்று முதல் பாட்டி வாய்மூடிக்கொள்கிறாள். தாய் தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தையைக் கொஞ்சவும் கண்டிக்கவும் முயல்கிறாள். இந்த அறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை என்பதையும், குழந்தைக்குப் பள்ளியில் தேவைப்படும் உதவியை அது தவறான திசையில் தேட வைக்கிறது என்பதையும் விளக்க, புனேயின் கட்கியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கட்கி ஒரு படைக்குடியிருப்பு. 1817இல் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் போர் நடந்த இடம். 1869இல் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பம்பாய் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையிடமும் இதுவே. படை, தொழிற்சாலை, இரயில்வே ஆகியவற்றின் வேலைகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இப்பகுதியில் வாழ்கின்றன. இங்கே வளரும் ஒரு தமிழ்க் குழந்தையின் காதில் ஒரே நாளில் நான்கு மொழிகள் விழும். வீட்டில் தமிழ்; கடைத்தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் இந்தி; பேருந்திலும் அரசு அலுவலகத்திலும் மராத்தி; வகுப்பறையில் ஆங்கிலம். மகாராட்டிர அரசு 2020இல் இயற்றிய சட்டத்தின்படி, எந்த வாரியத்தைச் சேர்ந்த பள்ளியாயினும் மராத்தியைக் கற்பித்தாக வேண்டும். 2025 ஏப்ரலில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியையும் மூன்றாம் மொழியாக்கும் ஆணை ஒன்று வெளிவந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. ஆறு வயதுக் குழந்தை எத்தனை மொழிகளைச் சுமக்கும் என்ற கேள்வி மாநிலம் முழுவதும் அப்போது எழுந்தது.

கேள்வி நியாயமானதே. ஆயினும் அதில் இரு வேறு செய்திகள் கலந்துகிடக்கின்றன. குழந்தை வாழ்கிற மொழி ஒன்று. தேர்வு எழுதுகிற மொழி மற்றொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சுமை குறைய வேண்டுமானால் குறைய வேண்டியது இரண்டாவது. நடைமுறையில் வெட்டப்படுவதோ முதலாவது.

ஆய்வுகள் சொல்வது

இரு மொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியை மேலும் தாமதப்படுத்துகிறதா என்பது கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை ஆராயப்பட்டுள்ளது. கனடாவில் கேத்தரின் ஹாம்ப்ளி, எரிக் ஃபொம்போன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளையும் இரு மொழி கேட்டு வளரும் அத்தகைய குழந்தைகளையும் ஒப்பிட்டது. இரு மொழிச் சூழலால் கூடுதல் தாமதம் ஏதும் ஏற்பட்டதாக அதில் தெரியவில்லை. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே முடிவுக்கே வந்துள்ளன. அமெரிக்காவில் வாழும் சீனமொழித் தாய்மார்களிடம் பெட்டி யூ நடத்திய நேர்காணல் ஆய்வு 2013இல் வெளிவந்தது. குழந்தைக்காகத் தங்கள் மொழியை விட்டு ஆங்கிலத்துக்கு மாற முயன்ற தாய்மார்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளை அது பதிவுசெய்தது. சரளமாக வராத மொழியில் பேசும் தாய் குறைவாகவே பேசுவாள். அந்தப் பேச்சும் தட்டையாக இருக்கும். பேச்சுக்கான வாய்ப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நிலையில் உள்ள குழந்தைக்கு, வீட்டில் கிடைத்த பேச்சே சுருங்கிப்போகிறது.

இவ்வாய்வுகளுக்கு எல்லைகள் உண்டு. பெரும்பாலானவை இரு மொழிகளைக் கணக்கில் கொண்டவை. கட்கியைப் போல நான்கு மொழிகள் புழங்கும் தெருவை அல்ல. எனினும் ‘தமிழை நிறுத்துங்கள்’ என்று சொல்பவர்தாம் அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர். அத்தகைய சான்று காட்டப்படவில்லை.

எதிரொலியும் மொழியே

அவ்வறிவுரை இவ்வளவு எளிதாகப் பரவுவதற்குக் காரணம், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரின் பேச்சு குழப்பமாகக் காதில் விழுவதே. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வது, ‘நான்’ என்னும் இடத்தில் ‘நீ’ என்பது, எங்கோ கேட்ட அறிவிப்பை வகுப்பில் ஒப்பிப்பது முதலியன. லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே இவ்வியல்புகள் விவரிக்கப்பட்டுள்ளன. இத்தகைய எதிரொலிப் பேச்சைப் பொருளற்ற ஒப்பித்தலாகக் கருதி, அதை நிறுத்துவதே சிகிச்சை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1981இல் பேரி பிரிசன்ட், ஜூடித் டூகன் இருவரும் இக்கருத்தைத் தலைகீழாக்கினர். உடனடி எதிரொலிகளை அவை எழும் சூழலோடு சேர்த்துப் பகுத்தபோது, அவற்றுக்கு ஏழு விதமான பயன்கள் இருப்பதாக அவர்கள் கண்டனர். தன் முறைக்குப் பேசுதல், ஆமோதித்தல், வேண்டுதல், தன்னைத்தானே நெறிப்படுத்துதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

தமிழில் இது எப்படி நிகழ்கிறது என்று பார்க்கலாம். தாய் ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டுத் தண்ணீர் தருகிறாள். நாள்தோறும் இதுவே நடக்கிறது. குழந்தை இத்தொடரைத் ‘தண்ணி’, ‘வேணும்’, ‘ஆ’ எனப் பிரித்து அறியவில்லை. தண்ணீர் வந்துசேரும் நிகழ்வின் பெயராக, ஒரே துண்டாக எடுத்துக்கொள்கிறது. பிறகு தாகம் எடுக்கும்போது அதே ஏற்ற இறக்கத்தோடு ‘தண்ணி வேணுமா?’ என்கிறது. தாய்க்குப் புரிகிறது. பள்ளியில் தமிழ் அறியாத ஆசிரியைக்கு அது வெற்று ஓசை. அதையே இந்தியில் ‘பானீ சாஹியே?’ என்று குழந்தை கேட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தன்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று குழந்தை வினவுவதாக எண்ணி ஆசிரியை ‘நஹீ’ என்கிறார். குழந்தை தன் கோரிக்கை மறுக்கப்பட்டதாக அறிந்து அலறுகிறது. ‘காரணமில்லாமல் அழுதான்’ என்று நாட்குறிப்பில் எழுதப்படுகிறது. காரணம் இருந்தது, அது வினா வடிவில் வந்த வேண்டுகோள்.

இன்னொரு சொல்லைப் பார்க்கலாம். மராத்தியில் ‘பஸ்’ என்றால் உட்கார் என்று பொருள். இந்தியில் அதே ஓசைக்குப் ‘போதும்’ என்று பொருள். ஆங்கிலத்தில் அது பேருந்து. மற்றக் குழந்தைகள் பேசுபவரின் முகத்தையும் சூழலையும் பார்த்து நொடியில் பொருள் தெளிகின்றனர். சூழல் குறிப்புகளைப் பற்றிக்கொள்வதில் இடர்ப்படும் குழந்தை, ஆசிரியை ‘பஸ்’ என்று அதட்டியதும் எழுந்து வாசலை நோக்கி ஓடினால், அது கீழ்ப்படியாமை அன்று. சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டதன் விளைவு.

மரியாதை வழக்குகள் இதனினும் நுட்பமானவை. தமிழில் நீ, நீங்கள். இந்தியில் தூ, தும், ஆப். மராத்தியில் தூ, தும்ஹீ, ஆபண். குழந்தையிடம் பெரியவர்கள் எப்போதும் ஒருமையில் பேசுகிறார்கள். எதிரொலி வழியே மொழி கற்கும் குழந்தை, தன்னிடம் பேசப்பட்ட வடிவத்தையே திருப்பித் தருகிறது. ஆசிரியை ‘சுப் பைட்’ என்றால் அதுவும் ‘சுப் பைட்’ என்கிறது. வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியைக்கு அவமானம். பெற்றோர் வரவழைக்கப்பட்டு, வளர்ப்பு சரியில்லை என்று உணர்த்தப்படுகின்றனர். அதே ஆசிரியை ஒரு வாரம் மட்டும் அக்குழந்தையிடம் ‘பைட்டியே’ என்று மரியாதை வடிவில் பேசிப் பார்த்தால், குழந்தையும் ‘பைட்டியே’ என்று சொல்லக்கூடும். கண்டிப்பதைவிட எளிய வழி அது.

பிரதிப்பெயர் மாற்றத்துக்கு வரலாம். இந்தியாவில் ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கப் பயன்படும் ‘இசா’ எனப்படும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. அவற்றுள் 9 பேச்சு, மொழி, தொடர்பு பற்றியவை. எதிரொலிப் பேச்சும் பிரதிப்பெயர் மாற்றமும் அந்த ஒன்பதில் அடங்கும். ஆனால் பேச்சுத் தமிழில் ‘எனக்கு’, ‘உனக்கு’ என்பவை பெரும்பாலும் விடுபடுகின்றன. ‘வேணும்’ என்னும் வினை, வேண்டுபவர் யாராயினும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் பளிச்செனத் தெரியும் ‘நான்–நீ’ மாற்றம், தமிழில் ‘போறியா’, ‘சாப்பிட்டியா’ போன்ற வினைமுடிவுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. குழந்தையின் வீட்டு மொழியை அறியாத ஒருவர் இதைக் கவனிக்கத் தவறுவார். அல்லது குழந்தை தமிழில் சரியாகச் சொன்னதையும் பிழையெனக் குறிப்பார். ஆகவே வீட்டு மொழி தெரிந்த ஒருவர் உடனிருப்பது மதிப்பீட்டின் தரத்துக்கே தேவையானது.

கட்கி ஏற்கெனவே அறிந்த பாடம்

உடற்குறைபாட்டை அணுகும் முறையைக் கட்கிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரில் உறுப்பிழந்த வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் தொடங்கப்பட்ட குயின் மேரி தொழில்நுட்ப நிறுவனம் இங்குதான் உள்ளது. முதுகுத்தண்டு காயத்தால் கால்கள் செயலிழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974 முதல் இங்கே இயங்குகிறது. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் சாய்தளம் வேண்டும் என்பதை இவ்வூரில் யாரும் விவாதிப்பதில்லை. ‘முதலில் நடக்கப் பழகிக்கொண்டு வா, பிறகு சேர்த்துக்கொள்கிறோம்’ என்று எவரும் அவ்வீரரிடம் சொல்லத் துணியார்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோரிடமோ பள்ளிகள் பல அதைத்தான் சொல்கின்றன. ‘முதலில் பேசப் பழகட்டும். முதலில் ஒரே இடத்தில் உட்காரப் பழகட்டும். பிறகு பார்க்கலாம்.’ கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்கு ஊர் தன்னை மாற்றிக்கொள்கிறது. தெரியாத குறைபாட்டுக்குக் குழந்தை தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். ஆயிரம் மாணவர் பயிலும் பள்ளியில் ஏழெட்டுக் குழந்தைகள் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். இது எப்போதோ வரும் விதிவிலக்கு அன்று.

சட்டமும் தெளிவாகவே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி எதுவாயினும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்றும், குழந்தைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்றும் அதன் 16ஆம் பிரிவு கூறுகிறது. அங்கீகாரம் என்ற சொல் இருப்பதால் தனியார் பள்ளிகளும் இதற்குள் வருகின்றன. அதே பிரிவு, பொருத்தமான மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதைப் பார்வையற்ற, செவித்திறனற்ற குழந்தைகளைப் பெயர் சுட்டிச் சொல்கிறது, ஆட்டிசத்தைச் சுட்டவில்லை. ஆயினும் 17ஆம் பிரிவு, பேச்சு, தொடர்பு, மொழிக் குறைபாடு உள்ளவர்களின் அன்றாடத் தொடர்புத் தேவைக்குப் பேச்சுக்குத் துணையான மாற்று வழிகளை ஊக்குவிக்கப் பணிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆங்கிலப் பள்ளியை விரும்பிச் சேர்ந்த தமிழ்ப் பெற்றோர் பயிற்றுமொழியாகத் தமிழைக் கோர முடியாது. வீட்டில் அதைப் பேசாதே என்று சொல்லும் அதிகாரமும் பள்ளிக்குக் கிடையாது.

செய்யக்கூடியவை

பெருஞ்செலவின்றி, அடுத்த கல்வியாண்டுக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை சில உண்டு.

1. மொழிக் குறிப்பேடு. இரண்டு பக்கம் போதும். குழந்தை என்ன சொல்கிறது, அது எங்கிருந்து வந்தது, அதன் பொருள் என்ன, கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என நான்கு பத்திகள். ‘தண்ணி வேணுமா’ என்றால் தாகம். ‘யாத்ரீகண் க்ருப்யா’ என்று இரயில் நிலைய அறிவிப்பை ஒப்பித்தால், இடமோ வேலையோ மாறப்போகிறது என்ற பதற்றம். அடுத்து என்ன என்பதைப் படத்தில் காட்டினால் தணியும். பெற்றோர் எழுதித் தர வேண்டும். ஆசிரியர்கள் தாங்கள் புதிதாகக் கண்டதைச் சேர்க்க வேண்டும். வகுப்பாசிரியர் மாறினாலும் விளையாட்டு ஆசிரியர் வந்தாலும் அது கைமாற வேண்டும்.

2. பத்துச் சொற்கள். வகுப்பாசிரியர் தமிழ் கற்க வேண்டியதில்லை. தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஒண்ணுக்கு, வேணாம், போதும், இரு, முடிஞ்சுது, பயமாயிருக்கு, அம்மா வருவாங்க. இவற்றைக் கேட்டால் புரிந்துகொள்ளவும் தேவைப்படும்போது சொல்லவும் ஒரு பிற்பகல் போதும். பதற்றத்தின் உச்சத்தில் உள்ள குழந்தைக்கு முதலில் எட்டுவது அது முதலில் கேட்ட மொழியே.

3. பட அட்டவணை. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால் அச்சம் குறையும். வருகைப் பதிவு, கணக்கு, உணவு, விளையாட்டு, வீடு என்று படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றி வைக்கும் முறை உலகெங்கும் பயனில் உள்ளது. அதே படங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்; பள்ளியில் ஆங்கிலப் பெயரும் வீட்டில் தமிழ்ப் பெயரும் வழங்கட்டும். இரு மொழிகளுக்கும் இடையே படம் பாலமாக நிற்கும்.

4. பேச்சு வடிவம். பேச்சு வராத குழந்தைகள் படங்களைத் தொட்டுக் குரல் எழுப்ப உதவும் ‘ஆவாஸ்’ என்னும் செயலி சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கிடைக்கிறது. இத்தகைய கருவிகளையும் பட அட்டைகளையும் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் இரட்டை வழக்கு மொழி. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று எந்த வீட்டிலும் எவரும் சொல்வதில்லை. ஏட்டு வடிவத்தைக் கற்பிப்பது ஐந்தாவது மொழி ஒன்றைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். அந்த வீட்டில் என்ன வழங்குகிறதோ அதையே, கட்கித் தமிழில் கலந்துவிட்ட இந்திச் சொற்களோடும் சேர்த்து, அட்டையில் எழுதவோ குரலில் பதியவோ வேண்டும். தூய்மை பார்க்கும் இடம் இதுவன்று.

5. காதுக்கும் கண்ணுக்கும் ஓய்வு. பள்ளி மணி, மின்விசிறியின் இரைச்சல், விநாயகர் சதுர்த்திக்கான டோல்-தாஷா ஒத்திகை, தீபாவளி வெடி எனப் புனேயின் கல்வியாண்டு ஓசைகள் நிறைந்தது. மணிக்கு அருகில் இல்லாத இருக்கை, காதடைப்பான், பத்து நிமிடம் ஒதுங்கியிருக்க ஒரு மூலை ஆகியவை தண்டனையாகவோ சலுகையாகவோ அன்றி இயல்பான ஏற்பாடாக இருக்க வேண்டும். விழா நாளில் ‘அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது ஏற்பாடு ஆகாது.

6. தேர்வுச் சுமை. குறைக்க வேண்டியது இங்கேதான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் குறைபாடுள்ள மாணவர்களுக்கு மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும், இரண்டு கட்டாய மொழிகளுக்குப் பதில் ஒன்றே போதும் என்ற சலுகையும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுத்தர் உதவியும் அளிக்கிறது. சான்றிதழைக் காலத்தில் பெற்று இவற்றைக் கேட்டு வாங்கப் பெற்றோருக்குப் பள்ளி வழிகாட்ட வேண்டும். மராத்தித் தேர்வை எழுதாத குழந்தையும் மராத்திப் பாடலைக் கேட்கலாம்; தெருவில் மராத்தியில் விளையாடலாம். பயன்பாட்டில் உள்ள மொழி எதுவும் விலக்கப்பட வேண்டியதில்லை.

படைப் பணியிலுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம். கட்கியிலிருந்து அசாமுக்கோ பஞ்சாபுக்கோ போகும் குழந்தைக்குத் தெரு மொழி மாறும், ஆசிரியர் மாறுவார், மணியோசையும் மாறும். மாறாமல் உடன் வருவது வீட்டு மொழி ஒன்றே. அதையும் பிடுங்கிவிட்டால் அக்குழந்தைக்கு நிலையாக எது எஞ்சும் என்று சிந்திக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழோடு மொழிக் குறிப்பேடும் அடுத்த பள்ளிக்குப் போகட்டும்.

எதிர்வாதங்கள்

நாற்பது, ஐம்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் இவ்வளவையும் எப்படிச் செய்வார் என்ற கேள்வி எழும். ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாது என்பதே விடை. இதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுள்ளது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், தொடக்க வகுப்புகளில் குறைபாடுள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் தேவை என்று அது கூறியது. பணியிடங்களை உருவாக்குமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது என்பதே நடைமுறை எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதைக் காட்டும். இடைப்பட்ட வெற்றிடத்தைப் பெற்றோர் தம் பணத்தில் நியமிக்கும் ‘நிழல் ஆசிரியர்’ நிரப்புகிறார். தொழிற்சாலைத் தொழிலாளியின் ஊதியத்தில் அது இயலாது. அத்தகையவரைப் பெற்றோரே அமர்த்தினால்தான் சேர்க்கை என்று நிபந்தனை விதிப்பது, சாய்தளத்தைச் சக்கர நாற்காலியில் வருபவரே கட்டிக்கொண்டு வரட்டும் என்பதற்கு நிகரானது.

சிறப்புப் பள்ளிகள் இருக்கும்போது பொதுப்பள்ளி ஏன் என்பது அடுத்த வாதம். இராணுவத்தினரின் குடும்ப நல அமைப்பு பல படைத்தளங்களில் நடத்தும் ஆஷா பள்ளிகள் போன்றவை அரும்பணி ஆற்றுகின்றன. சில குழந்தைகளுக்கு அவையே ஏற்ற இடம். ஆனால் எந்தப் பள்ளி என்பதைக் குழந்தையின் தேவை முடிவுசெய்ய வேண்டும்; பொதுப்பள்ளியின் ஆயத்தமின்மை முடிவுசெய்யக் கூடாது. மேலும் வீட்டு மொழி பற்றிய கேள்வி சிறப்புப் பள்ளியிலும் மறைந்துவிடுவதில்லை.

மூன்றாவது வாதம் தமிழர்களிடமிருந்தே வரும். ‘பிழைக்க ஆங்கிலம் போதும், பேசவே சிரமப்படும் குழந்தைக்குத் தமிழ் எதற்கு?’ மொழிப்பற்றுக்காக அன்று என்பதே இதற்கு மறுமொழி. அக்குழந்தையோடு வாழ்நாள் முழுவதும் பேசப்போகிறவர்கள் அதன் தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி ஆகியோரே. அவர்கள் தமக்குள் தமிழில் சிரித்துப் பேசிவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பும்போது மட்டும் உடைந்த ஆங்கிலத்துக்கு மாறினால், வீட்டுக்குள்ளேயே குழந்தை அயலாராகிறது. பலர் கூடிய உரையாடலைப் பின்தொடர்வதே கடினமாக உள்ள குழந்தையைச் சாப்பாட்டு நேரப் பேச்சிலிருந்தும் வெளியேற்றுவது எவ்வகையிலும் உதவியாகாது.

தமிழ் அமைப்புகளுக்கும் இதில் வேலை உண்டு. ஆண்டுவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பகுதியை ஒதுக்கி, பேச்சுத் தமிழில் பட அட்டைகள் அச்சிடலாம். மதிப்பீட்டு நாளில் குடும்பத்துக்கு மொழித்துணையாக ஒருவரை அனுப்பலாம். குழந்தையின் நிலையை உறவினரிடம்கூட மறைத்து வாழும் பெற்றோர் வெளிப்படையாகப் பேச ஓர் இடம் தரலாம். ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்று பெயர் சூட்டுவதில் தமிழுலகம் காட்டிய முனைப்பைவிட, அக்குழந்தைகள் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதில் காட்டும் முனைப்பு அதிகப் பயன் தரும்.

பள்ளிச் சேர்க்கைப் படிவங்களில் ‘தாய்மொழி’ என்று ஒரு கட்டம் உண்டு. கட்கியின் தமிழ்ப் பெற்றோர் அதில் தவறாமல் ‘தமிழ்’ என்று நிரப்புகின்றனர். பிறகு அப்படிவம் கோப்பில் போய்விடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உதவ விரும்பும் பள்ளி புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் அக்கட்டத்தை எடுத்துப் படிக்கலாம். பெற்றோரை அழைத்து, ‘வீட்டில் அவன் எப்படிக் கேட்பான்?’ என்று வினவலாம். குறிப்பேட்டின் முதல் வரி அந்த விடையிலேயே கிடைத்துவிடும்.